சிஸ் என்றாலே ஒளிசுழற்றுமா? எண்முகி அணைவுகளில் ஒரு சந்தேகம்

வில்லிவாக்கம் பிளஸ் டூ
ஞாயிறு இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் வழி, நீட்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். இன்று காலை பயிற்சி மையத்தில் வைத்த தேர்வில் அணைவு வேதியியலில் இருந்து, அதாவது நடுவில் ஒரு உலோகம், அதைச் சுற்றி ஈனிகள் என்ற மூலக்கூறுகளோ அயனிகளோ ஒட்டியிருக்கும் சேர்மங்கள் பற்றிய பாடத்தில் இருந்து, ஒரு கேள்வி வந்தது. ஆறு முனையில் ஈனிகள் பிடிக்கும் எண்முகி வடிவம். நடுவில் கோபால்ட், ஆக்சிஜனேற்ற எண் மூன்று. அதைச் சுற்றி ஒரு எத்திலீன்டைஅமீன், அதாவது ஒன்றே இரண்டு முனையைப் பிடிக்கும் ஈஎன், அதோடு இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ஒளிசுழற்றும் ஜோடிகளையும், அதாவது ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத ஆடி பிம்பங்களையும் சேர்த்து மொத்தம் எத்தனை புறவெளி மாற்றியங்கள், அதாவது அதே ஈனிகள் இடம் மாறி நிற்கும் வடிவங்கள், என்று கேட்டிருந்தார்கள்.

மூன்று வடிவ மாற்றியம் வரைந்தேன், அதுவரை சரி. அப்புறம் "சிஸ் என்றால் ஒளிசுழற்றும், டிரான்ஸ் என்றால் சுழற்றாது" என்று வகுப்பில் எழுதிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது (ஒரே ஈனி இரண்டும் அடுத்தடுத்து நின்றால் சிஸ், எதிரெதிரே நின்றால் டிரான்ஸ்). குளோரின் இரண்டும் அடுத்தடுத்து இருக்கிற படம் இரண்டு இருந்ததால் இரண்டுக்கும் ஜோடி போட்டு, ஐந்து என்று விடை எழுதினேன். சரியான விடை நான்காம். ஏன் என்று கேட்டதற்கு அட்டவணையை ஒழுங்காக மனப்பாடம் பண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கு மதிப்பெண் போனதோடு மைனஸில் ஒன்றும் போனது, அதைக்கூட விட்டுவிடலாம், ஆனால் இரண்டு சிஸ் படத்தில் எது ஒளிசுழற்றாது, ஏன் சுழற்றாது என்பது புரியவே இல்லை. யாராவது சொல்லுங்களேன்.

புரசை டியூஷன் அண்ணன்
இரவு 9.31

தங்கச்சி, அந்த விதி தப்பில்லை, அதை நீ கொண்டுபோய் வைத்த இடம்தான் தப்பு. இரண்டு ஈஎன், இரண்டு குளோரைடு உள்ள அணைவுக்குத்தான் அது பொருந்தும். அங்கே டிரான்ஸ் பச்சை நிறம், ஒளிசுழற்றாது. சிஸ் ஊதா நிறம், ஒளிசுழற்றும். ஆக மொத்தம் மூன்று. ஒரே ஒரு ஈஎன் இருந்தால் கதை வேறு, அங்கே குளோரின் இரண்டும் சிஸ், அம்மோனியா இரண்டும் சிஸ் என்று இரண்டுமே சிஸ்ஸாக இருக்கிற படம் மட்டும்தான் ஜோடியாக வரும். அதனால்தான் நான்கு.

மற்றதையும் குறித்துக்கொள். மூன்று ஈஎன் என்றால் ஒரே ஜோடி. ஆளுக்கு ஒரு முனை பிடிக்கும் ஒருமுனை ஈனிகள் மட்டும் இருந்து நாலும் ரெண்டுமாகப் பிரிந்தாலும் மூணும் மூணுமாகப் பிரிந்தாலும் ஒளிமாற்றியமே கிடையாது. மூன்று வகை, வகைக்கு இரண்டு என்றால் வடிவ மாற்றியம் ஐந்து, அதில் ஒன்றுக்கு மட்டும் ஜோடி உண்டு, மொத்தம் ஆறு. ஆறும் வேறு வேறு ஈனி என்றால் வடிவ மாற்றியம் பதினைந்து, ஒவ்வொன்றுக்கும் ஜோடி, மொத்தம் முப்பது. தேர்வு அறையில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே பெரிது, அங்கே உட்கார்ந்து படம் வரைய முடியாது. எனக்குத் தெரிந்து அட்டவணைதான் காப்பாற்றும்.

தாம்பரம் வாத்தியார்
இரவு 10.05

தம்பி சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண் கேட்டது எண்ணை இல்லை, காரணத்தை. நான் முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் சறுக்குவதற்கு ஒரே காரணம்தான், முப்பரிமாணத்தில் இருக்கும் பொருளைக் கரும்பலகையில் தட்டையாகப் பார்த்துவிட்டு அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள்.

அம்மா, அடுக்களையில் போய் ஒரு உருளைக்கிழங்கு எடுத்துக்கொள். எலுமிச்சை வேண்டாம், சாறு வழிந்து குச்சி ஆடும். துடைப்பத்தில் இருந்து ஆறு ஈர்க்குச்சி உருவி ஒரே நீளத்துக்கு ஒடித்து, மேலே ஒன்று, கீழே ஒன்று, சுற்றிலும் நான்கு திசைக்கு நான்கு என்று குத்து. கிழங்குதான் கோபால்ட். அடுத்தடுத்த இரண்டு குச்சிகளின் நுனியை ஒரு நூலால் கட்டினால் அது ஈஎன். குளோரினுக்குக் குச்சி நுனியில் பச்சைப் பட்டாணி, அம்மோனியாவுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை, இரண்டும் இரவே ஊறவைத்திருந்தால் நன்றாகக் குத்தும். இதே மாதிரி இரண்டு பொம்மை செய், ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாக இருக்கட்டும்.

இப்போது உன் கேள்வி. சுற்றிலும் உள்ள நான்கு குச்சிகளில் இரண்டை நூலால் கட்டிவிட்டாய். மீதி இரண்டிலும் குளோரின், மேலேயும் கீழேயும் அம்மோனியா என்று வை. குளோரின் இரண்டும் சிஸ்தான். ஆனால் ஈஎன்னும் இரண்டு குளோரினும் ஒரே தளத்தில் படுத்திருக்கின்றன, கவனி. அந்தத் தளத்தில் ஒரு கத்தியை வைத்துக் கிழங்கை இரண்டாக அறுத்தால் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றுக்கொன்று அச்சு அசல் கண்ணாடி பிம்பம், மேலே ஒரு அம்மோனியா, கீழே ஒரு அம்மோனியா. இப்படி ஒரு சமச்சீர் தளம் பொருளுக்குள்ளேயே இருந்துவிட்டால் அதன் ஆடி பிம்பமும் அதுவும் ஒன்றேதான், இரண்டாவது ஆள் என்று யாரும் இல்லை. நீ ஜோடி போட்ட இரண்டு சிஸ்ஸில் தேவையில்லாத ஜோடி இதுதான்.

இன்னொன்றில் குளோரின் ஒன்று பக்கத்திலும் ஒன்று மேலேயும் இருக்கும், அம்மோனியா ஒன்று பக்கத்திலும் ஒன்று கீழேயும் இருக்கும். இப்போது அதே தளத்தில் அறுத்தால் மேலே குளோரின், கீழே அம்மோனியா, பொருந்தாது. ஈஎன்னின் நடுவே செங்குத்தாக அறுத்துப் பார், ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் அம்மோனியா, அதுவும் பொருந்தாது. வேறு எப்படிக் கத்தியை வைத்தாலும் நூல் தடுக்கும். இதற்குத்தான் ஜோடி உண்டு. சிஸ் என்ற பெயர் இரண்டு ஈனிகளுக்கு இடையே உள்ள உறவை மட்டும்தான் சொல்கிறது, ஒளிசுழற்றுவதோ முழு மூலக்கூறின் குணம்.

புரசை டியூஷன் அண்ணன்
இரவு 10.20

சார், நீங்கள் சொல்வது நியாயம்தான், நானும் முதல் வகுப்பில் பொம்மை காட்டித்தான் ஆரம்பிப்பேன். ஆனால் தேர்வு அறைக்குள் உருளைக்கிழங்கு கொண்டுபோக முடியாதே. பேனாவும் தாளும் மட்டும் இருக்கும்போது செய்ய ஒரு வழி சொல்லுங்கள், என் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

தாம்பரம் வாத்தியார்
இரவு 10.44

நல்ல கேள்வி தம்பி. எண்முகியில் ஆறு முனை என்பது மூன்று எதிர் ஜோடி. படமே வேண்டாம், எந்த ஈனிக்கு எந்த ஈனி எதிரே நிற்கிறது என்று மூன்று ஜோடியை மட்டும் எழுதினால் போதும். வகைக்கு இரண்டாக மூன்று வகை என்ற கணக்கை எடுத்துக்கொள், ஈனிகளுக்கு அ, இ, உ என்று பெயர். அ-அ, இ-இ, உ-உ ஒன்று. அ-அ, இ-உ, இ-உ ஒன்று. அதேபோல் இ-இ மட்டும் நேரெதிராக ஒன்று, உ-உ மட்டும் நேரெதிராக ஒன்று. கடைசியாக அ-இ, இ-உ, உ-அ. ஆக ஐந்து. முதல் நான்கிலும் ஒரே ஈனி தனக்குத்தானே எதிரே நிற்கும் ஜோடி குறைந்தது ஒன்றாவது இருக்கிறது. அந்த அச்சுக்குக் குறுக்கே அறுத்தால் மற்ற நான்கும் கத்தியின் மேலேயே படுத்திருக்கும், அதனால் சமச்சீர் உறுதி. ஐந்தாவதில் அப்படி ஒரு ஜோடியே இல்லை, அதற்கு மட்டும் இரட்டை. தம்பி சொன்ன ஆறு வந்துவிட்டதா.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஈனி எதிரெதிரே நின்றால் ஒளிமாற்றியம் இல்லை என்பது ஒருமுனை ஈனிகளுக்கு எப்போதும் சரி. அதைத் திருப்பிப் போட்டு, நிற்காவிட்டால் உண்டு என்று சொல்லிவிடக் கூடாது. மூணும் மூணுமாகப் பிரிந்து ஒரே வகை மூன்றும் ஒரு முகத்தில் கூடி நிற்கும் மாற்றியத்தில் அ-இ, அ-இ, அ-இ என்றுதான் வரும், ஆனாலும் அங்கே மூலைவாட்டில் சமச்சீர் தளங்கள் உண்டு. இருமுனை ஈனி இருந்தால் நூல் எந்தத் தளத்தில் படுத்திருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

வில்லிவாக்கம் பிளஸ் டூ
திங்கள் மாலை 6.50

சார், ரொம்ப நன்றி. பள்ளி விட்டு வந்ததும் செய்துவிட்டேன். நூல் வழுக்கியது, அதனால் வாழைநாரை நனைத்துக் கட்டினேன். அம்மா பூ கட்டி விற்பவர், வீட்டில் நாருக்குப் பஞ்சமில்லை. என் கேள்விக்கு நான்கு ஏன் என்று இப்போது கண்ணாலேயே தெரிகிறது. முதல் பொம்மையின் பிம்பத்தைச் சும்மா உருட்டினாலே அசலின் மேல் உட்கார்ந்துவிட்டது, இரண்டாவதை எப்படித் திருப்பினாலும் ஒரு பட்டாணியாவது இடம் மாறி நிற்கிறது.

ஆனால் மூன்று ஈஎன் உள்ளதைச் செய்தபோது புதுக் குழப்பம். மூன்று குச்சி நுனி மேலே, மூன்று கீழே வரும்படி சாய்த்து வைத்து மேலிருந்து பார்த்தால் மூன்று நாரும் கடிகாரம் சுற்றும் திசையில் சாய்ந்திருக்கின்றன. கடிகாரத்தைப் பின்னால் இருந்து பார்த்தால் முள் எதிர்த்திசையில் சுற்றுவதுபோல் தெரியுமே, அப்படியென்றால் பொம்மையைக் கவிழ்த்தால் வலம் இடமாகிவிடாதா? இரண்டும் ஒன்றுதானா?

கிண்டி எம்எஸ்சி
திங்கள் இரவு 8.15

தங்கச்சி, இந்தச் சந்தேகம் எனக்கு இளங்கலை இரண்டாம் வருடத்தில்தான் வந்தது, நீ பிளஸ் டூவிலேயே கேட்டுவிட்டாய்.

கவிழ்த்துப் பார்த்தாயா? பார்த்தால் தெரியும், மாறாது. கடிகார முள் தட்டையான ஒரு வட்டத்தில் சுற்றுகிறது, பின்னால் போனால் திசை மாறும். உன் நார் தட்டையாக இல்லை, ஒரு நுனி மேல் முக்கோணத்தில், மறு நுனி கீழ் முக்கோணத்தில், சாய்ந்து இறங்குகிறது. அது திருகாணியின் மரை மாதிரி. ஒரு நட்டை எந்தப் பக்கமாகப் பிடித்துப் போட்டாலும் அது போல்ட்டில் ஏறும், இல்லையா? கவிழ்த்தால் மரை மாறுமென்றால் பாதி நட்டுகள் ஏறாமல் போயிருக்கும். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும் இதேதான், மூன்று இறக்கையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். கழற்றித் தலைகீழாக வைத்தாலும் அந்தச் சாய்வின் கை மாறாது. அதை மாற்ற வேண்டுமென்றால் மூன்று இறக்கையையும் எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும், மூலக்கூறில் அதற்குச் சமம் பிணைப்பை உடைத்து மறுபடி கட்டுவது.

சாதாரண போல்ட் மரை போல வலப்பக்கம் சுற்றினால் டெல்டா, சைக்கிளின் இடது மிதிக்கட்டையில் இருக்கிற எதிர்மரை போலச் சுற்றினால் லாம்டா.

இன்னொரு இடத்திலும் எல்லாரும் விழுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டெல்டா, லாம்டா என்பது வடிவத்துக்கு வைத்த பெயர். வலஞ்சுழி, இடஞ்சுழி என்பது முனைவுற்ற ஒளியின், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியின் தளத்தை அது எந்தப் பக்கம் திருப்புகிறது என்று கருவியில் அளந்து சொல்வது. இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்று ஈஎன் உள்ள கோபால்ட்டில் இடமரையான லாம்டாதான் சோடிய விளக்கின் 589 நானோமீட்டர் ஒளியை வலப்பக்கம் திருப்புகிறது. அலைநீளத்தை மாற்றினால் திருப்பும் திசையே மாறிவிடவும் கூடும். நம் சங்கு மாதிரி என்று வைத்துக்கொள், வலம்புரிச் சங்கை எப்படிப் பிடித்தாலும் வலம்புரிதான்.

ராயபுரம் விலங்கியல்
திங்கள் இரவு 9.02

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் விலங்கியல் படித்தவன். சங்கின் சுருள் மாறாது என்பது சரி, ஆனால் பெயர் மாறும். நாம் வலம்புரி என்று பூஜையில் வைக்கிற சங்கை எங்கள் பாடத்தில் இடச்சுருள் என்றுதான் எழுதுவோம். நாங்கள் கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்து வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்போம், அதற்கு வாய் இடப்பக்கம் வரும். பூஜையில் சங்கின் நீண்ட வால் முனை மேலே இருக்கும்படி பிடிப்பார்கள், அப்போது அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும்.

கிண்டி எம்எஸ்சி
திங்கள் இரவு 9.10

அருமை அண்ணா, இது எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சங்கு ஒன்றேதான், பிடிக்கிற முறையை வைத்து இரண்டு பெயர். டெல்டா, லாம்டாவும் உலகம் முழுக்க ஒரே மாதிரி பிடிப்போம் என்று பேசி வைத்துக்கொண்ட பெயர்கள்தான்.

தாம்பரம் வாத்தியார்
திங்கள் இரவு 10.30

இவ்வளவு தூரம் வந்த பிறகு வெர்னரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாம் இன்று எண்முகி என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். 1893-ல் சூரிச்சில் ஆல்ஃபிரட் வெர்னர் அதை முன்வைத்தபோது அவருக்கு 26 வயது, எக்ஸ் கதிரால் படிகத்தின் உள்ளே எட்டிப்பார்க்கிற வசதி அன்று கிடையாது. அவர் கையில் இருந்த ஆயுதம் மாற்றியங்களை எண்ணுவது மட்டும்தான். நாலும் ரெண்டுமாகப் பிரிந்த அணைவு தட்டையான அறுகோணமாக இருந்தால் மூன்று மாற்றியம் வர வேண்டும், மேலும் கீழும் நேருக்கு நேர் முக்கோணம் உள்ள முப்பட்டகமாக இருந்தாலும் மூன்று, எண்முகியாக இருந்தால் இரண்டு. எவ்வளவு தேடியும் இரண்டுதான் கிடைத்தது. டென்மார்க்கின் வேதியியலாளர் யோர்கென்சன் ஏற்கவில்லை. மூன்றாவது இன்னும் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட முடியும் அல்லவா, இல்லாததை வைத்து எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

அதனால் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. மூன்று இருமுனை ஈனிகளை முப்பட்டகத்தின் மூலைகளில் அடுத்தடுத்த முனைகளை இணைத்துக் கட்டிப் பார், எப்படிக் கட்டினாலும் ஒரு சமச்சீர் தளம் வந்தே தீரும். எண்முகியில்தான் வலமும் இடமும் பிறக்கும். அந்த வலத்தையும் இடத்தையும் பிரித்துக் காட்டிவிட்டால் எண்முகி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 1911-ல் வெர்னரும் அவருடைய அமெரிக்க மாணவர் விக்டர் கிங்கும் அதைச் செய்தார்கள். இரண்டு ஈஎன், ஒரு அம்மோனியா, ஒரு குளோரைடு, சிஸ் வடிவம். பிரிக்க உதவியது கற்பூரத்தில் இருந்து செய்த புரோமோகற்பூர சல்ஃபோனேட். அடுத்த வருடமே மூன்று ஈஎன் உள்ளதையும் பிரித்தார்கள். 1913-ல் வெர்னருக்கு நோபல் பரிசு.

அதற்குப் பிறகும் சிலர், ஈஎன்னில் கார்பன் இருக்கிறதே, ஒளியைச் சுழற்றுவது அந்தக் கார்பனாக இருக்கும் என்றார்கள். 1914-ல் வெர்னர் கார்பனே இல்லாத ஒன்றை எடுத்தார். நடுவில் ஒரு கோபால்ட், அதைச் சுற்றி அம்மோனியாவைத் தாங்கிய மூன்று கோபால்ட், ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ராக்சைடு வழியாக நடுக் கோபால்ட்டைப் பிடித்திருக்கும். ஹெக்சால் என்று பெயர். உன் பொம்மையில் உள்ள மூன்று நாருக்குப் பதில் மூன்று கோபால்ட், அவ்வளவுதான். அதையும் வலம் இடமாகப் பிரித்துவிட்டார். ஒரு துளி கார்பன் கிடையாது, ஒளி திரும்பியது. நாற்பது வருடமாக இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வில்லிவாக்கம் பிளஸ் டூ
செவ்வாய் அதிகாலை 5.20

சார், இதைப் படித்துவிட்டுத் திரும்பவும் பொம்மையை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுதான் புரியவில்லை. வலமும் இடமும் உருகுநிலை, கரைதிறன், நிறம் எல்லாம் ஒன்று என்று புத்தகத்தில் இருக்கிறது. எல்லாம் ஒன்றாக இருந்தால் கற்பூர உப்பு மட்டும் எப்படிப் பிரிக்கிறது?

கிண்டி எம்எஸ்சி
செவ்வாய் மாலை 7.40

செருப்பை நினைத்துக்கொள். குவியலில் இருந்து இடது செருப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டுமென்றால் எடை போட்டுப் பயனில்லை, இடது காலை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கையுள்ள பொருளைப் பிரிக்க இன்னொரு கையுள்ள பொருள் வேண்டும். கற்பூர உப்பு போலவே டார்ட்டாரிக் அமிலத்தின் டார்ட்டரேட்டும் கையுள்ளது, அதை வைத்தே சொல்கிறேன். வலக் கோபால்ட்டோடு ஒரே கையுள்ள டார்ட்டரேட் சேர்ந்த உப்பும் இடக் கோபால்ட்டோடு அதே டார்ட்டரேட் சேர்ந்த உப்பும் ஒன்றுக்கொன்று ஆடி பிம்பம் இல்லை, அதனால் கரைதிறன் வேறாகிவிடும், ஒன்று முதலில் படிகமாகும்.

இதை நானே போன பருவத்தில் செய்தேன், அதனால் சொல்கிறேன். கோபால்ட் சல்ஃபேட், ஈஎன், கொஞ்சம் கரித்தூள், இவற்றோடு மணிக்கணக்கில் காற்றைக் குமிழிவிட வேண்டும், கோபால்ட் இரண்டில் இருந்து மூன்றுக்குப் போவதற்காக. அப்புறம் பேரியம் டார்ட்டரேட் போட்டால் பேரியம் சல்ஃபேட் வெள்ளையாகப் படியும், வடிகட்டிவிட்டு வற்றவைத்து ஓர் இரவு வைத்தேன். காலையில் பீக்கரின் அடியில் கிச்சிலிப் பழ நிறத்தில் படிகங்கள். அதை அப்படியே அளக்கக் கூடாது, டார்ட்டரேட்டும் தன் பங்குக்கு ஒளியைத் திருப்பும். சோடியம் அயோடைடு போட்டு அயோடைடு உப்பாக மாற்றிய பிறகுதான் அளந்தேன். வலமும் இடமும் சரிபாதியாக இருக்கிற, பிரிக்காத சுழிமாய்க் கலவைக்கு முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை, இதற்கு வலப்பக்கம் நன்றாகவே திரும்பியது. அந்த டார்ட்டாரிக் அமிலம் எது தெரியுமா, நம் புளியில் இருக்கிற அதே அமிலம், அதே கை. மரம் ஒரே கையில் செய்து வைத்திருப்பதால்தான் நமக்கு இடது கால் கிடைக்கிறது.

இதற்குக் கோபால்ட் மூன்றை எடுப்பதற்கும் காரணம் உண்டு, அது ஈனிகளை இறுகப் பிடித்துக்கொண்டு சுலபத்தில் விடாது. நிக்கல் இரண்டோடு மூன்று ஈஎன் சேர்ந்தாலும் அதே வடிவம்தான், ஆனால் ஈனிகள் சட்டுச் சட்டென்று விட்டு விட்டுப் பிடிப்பதால் வலமும் இடமும் கரைசலிலேயே கலந்துபோகும். காகிதத்தில் ஒளிமாற்றியம் உண்டு என்று வருவது எல்லாமே குடுவையில் பிரித்தெடுக்க முடிகிறதாக இருக்காது.

புரசை டியூஷன் அண்ணன்
செவ்வாய் இரவு 9.15

சார், எதிர் ஜோடி முறையை இன்று மாலை வகுப்பில் நடத்திவிட்டேன். பதினெட்டுப் பிள்ளைகளில் பதினைந்து பேர் அட்டவணை இல்லாமல் ஆறு என்று சரியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். மற்ற மூவருக்கு நாளைக்குக் கிழங்கோடு போகிறேன். அட்டவணையை இனி கடைசியில் சரிபார்க்க மட்டும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

வில்லிவாக்கம் பிளஸ் டூ
புதன் இரவு 8.30

அண்ணா, அக்கா, சார், மூன்று பேருக்கும் நன்றி. ஒன்று செய்து பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். ஆறு குச்சிக்கும் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, எதிரெதிர் குச்சிகளைச் சேர்க்காமல் மூன்று நாரை எத்தனை விதமாகக் கட்டலாம் என்று ஒவ்வொன்றாகக் கட்டி அவிழ்த்துப் பார்த்தேன். எட்டு வழி வந்தது. எண்ணை மறந்துவிட்டுச் சுருளை மட்டும் பார்த்தால் நான்கு டெல்டா, நான்கு லாம்டா, அந்த நான்கும் தங்களுக்குள் உருட்டினால் ஒன்றாகிவிடுகின்றன.

கடைசியில் கட்டிய இரண்டை மேசையில் வைத்திருந்தேன். அம்மா நார் எடுக்க வந்தபோது இரண்டையும் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது உன் கட்டு, இது எதிர்க் கட்டு, யார் போட்டது?" என்று கேட்டார். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

நாளைக்கு எடிடிஏ செய்யப் போகிறேன். ஆறு முனையையும் ஒரே ஈனி பிடிப்பதால் நைட்ரஜன் இரண்டுக்கும் நடுவில் ஒரு நார், ஒவ்வொரு நைட்ரஜனில் இருந்தும் ஆக்சிஜனுக்கு இரண்டு, மொத்தம் ஐந்து நார் போதும்தானே சார்?

தாம்பரம் வாத்தியார்
புதன் இரவு 8.52

எட்டு சரி, நாலு நாலு என்பதும் சரி. எடிடிஏவுக்கு ஐந்து நார்தான், இரண்டு நைட்ரஜனும் அடுத்தடுத்து வரும்படி வை. அதற்கும் இரண்டு கை உண்டு, கிழங்கு இரண்டு எடுத்துக்கொள்.